வெல்லம் தீயும் வாசனை

எனக்கு வருவதற்கு முன்
வெல்லம் தீயும் வாசனை வரும்.
அரை நிமிடம். சில நாள் அதுவும் இல்லை.
அதற்குள் உட்கார்ந்துவிட வேண்டும்,
அடுப்பை விட்டு, தொட்டியை விட்டுத் தள்ளி,
யார் வீட்டுக் குழந்தையாவது மடியில் இருந்தால்
இறக்கிவிட்டு.

பத்து மாதம் இந்தக் கணக்கு தப்பாது.
ஆனி பிறந்தால்
காவேரிப்பட்டணமே வெல்லமாகத் தீயும்.
லாரி லாரியாகப் பெங்களூரா மாங்காய்,
கொதிகலன் விளிம்பில் கருகிய கூழ்,
லேபிள் ஒட்டும் மேசையில் நான்.
எந்த வாசனை வெளியே,
எது என் மண்டைக்குள்ளே?

போன ஆனியில் தப்பாகக் கணித்தேன்.
டின் அடுக்கு சரிந்தது, கூடவே நானும்.
சாவிக்கொத்தோடு ஓடிவந்த சூப்பர்வைசரின் கையைப்
பர்வீன் தட்டிவிட்டாளாம்:
"இரும்பு என்னா சார் பண்ணும்? தள்ளுங்க, காத்து வரட்டும்."
ஒருக்களித்துப் படுக்கவைத்து
செல்போனில் நேரம் பார்த்திருக்கிறாள்.
இரண்டு நிமிடம், பத்து நொடி.
விழித்ததும் பேர் கேட்டாள்.
எல்லம்மா என்றேனாம்.
அது என் அம்மாவின் பேர்.

இருபத்தாறு வயதில் ஆரம்பம்.
மந்திரித்த கயிறு மூன்று.
செருப்பை மோந்து பார்க்கச் சொன்னவர்களுக்குக் கணக்கில்லை.
இப்போது மாத்திரை, காலை எட்டு, இரவு எட்டு.
சில மாதம் நிறம் மாறிவரும், அட்டை மாறிவரும்.
மருந்துச் சன்னலில் ஒவ்வொரு முறையும்
"இது அதுதானே?" என்பேன்.
"அதேதாம்மா, நகருங்க."

தம்பி ஓசூரிலிருந்து ஒரு வாட்ச் கொண்டுவந்தான்.
கை உதறினால் அவனுக்குப் போன் போகும்.
துணி துவைத்தேன், போனது.
தோசைக்கல் தேய்த்தேன், போனது.
பஜனையில் கைதட்டினேன்,
ஷிப்டை விட்டு பைக்கில் கிளம்பியவன்
சூளகிரி தாண்டிவிட்டான், பாவம்.
டின்னோடு சரிந்த அன்றைக்கு
அதில் சார்ஜ் இல்லை.

அதற்கப்புறம்தான் டோக்கன்.
ஆஸ்பத்திரி வரிசையில் என் பின்னாலேயே நின்ற குட்டி,
அதனால் அந்தப் பேர்.
பழக்கிய நாய் பெங்களூரில் கிடைக்குமாம்.
விலை கேட்டேன், போனை வைத்துவிட்டேன்.
இதை யாரும் பழக்கவில்லை.
சில காலைகளில் என் செருப்பின் மேல் படுத்துக்கொள்ளும்,
இழுத்தாலும் எழாது.
முதல் தடவை உதறிவிட்டுப் போனேன், பஸ்ஸில் விழுந்தேன்.
அடுத்த தடவை வீட்டிலிருந்தேன். வந்தது, பாயிலேயே.
மூன்றாம் தடவை ஒன்றுமே வரவில்லை.
நானூற்றிருபது ரூபாய்க் கூலி போயிற்று,
அது பொறை கேட்டு வாலாட்டிக்கொண்டிருந்தது.
டாக்டரம்மா சிரித்தார்:
"நாய நம்பு, வேணாங்கல.
மாத்திரைய விட்டுட்டு நம்பாத."

இன்று சீசன் உச்சம்.
ஆறரைக்குக் கம்பெனி வேன்.
செருப்பின் மேல் டோக்கன்.
மாத்திரை டப்பாவைத் திறந்தேன்,
நேற்றிரவு அறை காலி. விழுங்கியிருக்கிறேன்.
வாட்ச் முழு சார்ஜில் பச்சையாக மினுக்குகிறது,
அதற்கு இன்னும் ஒன்றும் தெரியாது.
வேன் ஹாரன் அடிக்கிறது.
பர்வீன் சன்னலில் கையை ஆட்டுகிறாள், வா வா.

அப்போது வெல்லம்.

கம்பெனி இங்கிருந்து நாலு கிலோமீட்டர்.
காற்று அந்தப் பக்கமா அடிக்கிறது?
கொடித் துணி அசையவில்லை.
அடுப்பை அணைத்தேன்.
கண்ணாடியைக் கழற்றிச் சன்னலில் வைத்தேன்.
சுவரோரம் வெறுந்தரையில் உட்கார்ந்து
பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டினேன்:
"ஜெயந்தக்கா, ஒப்பட்டுக்குப் பாகு காய்ச்சறியா?"

அங்கே டிவி ஓடுகிறது.
கரண்டிச் சத்தம் மாதிரி ஏதோ.
டோக்கன் செருப்பை விட்டு எழுந்துவந்து
என் முழங்காலில் தாடையை வைக்கிறது.

"அக்கா,
காய்ச்சறேன்னு சொல்லேன்."